வட்டுக்கும் கோப்புக்கும் நடுவே: டென்னிஸ் ரிட்சியின் வாழ்க்கை

நள்ளிரவு தாண்டி இடுபணியைத் தட்டச்சு செய்து முடிக்கிறோம். சேமிக்கும் பொத்தானை அழுத்திவிட்டு நிம்மதியாகப் படுக்கப் போகிறோம். அந்தக் கோப்பு எங்கே போய்ச் சேர்ந்தது, எது அதைக் கொண்டுபோய் வைத்தது என்று நாம் ஒரு நாளும் கேட்டதில்லை. அப்படிக் கேட்க வேண்டிய தேவையே வராதபடி செய்துவைத்தவர்களுள் ஒருவர் டென்னிஸ் ரிட்சி. கென் தாம்சனுடன் சேர்ந்து யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர். சி மொழியைப் படைத்தவர். கணினித்துறை மாணவர்கள் வகுப்பில் இவர் பெயரைக் கேட்டிருப்பார்கள். மற்றவர்களுக்கு இவர் இன்னும் அறிமுகமாகாதவர்தான். இவருடைய வாழ்க்கையையும், யூனிக்ஸ் ஒரு வட்டை எப்படி ஆண்டது என்பதையும் சேர்த்தே இக்கட்டுரை சொல்கிறது. ஏனெனில் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைச் சொல்ல முடியாது.

வாங்காத பட்டம்

ரிட்சி 1941 செப்டம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிரான்க்ஸ்வில் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அலிஸ்டர் ரிட்சி பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அறிவியலாளர். தொலைபேசி இணைப்புச் சுற்றுகளைப் பற்றிய நூல் ஒன்றின் இணையாசிரியர். நியூ ஜெர்சியின் சம்மிட் நகரில் வளர்ந்த டென்னிஸ், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1963இல் இயற்பியலில் இளங்கலைப் பட்டம் பெற்றார். அங்கே கணினி ஒன்று எப்படி இயங்குகிறது என்பது பற்றிக் கேட்ட ஓர் உரை அவருடைய மனத்தை இயற்பியலிலிருந்து கணினியின் பக்கம் திருப்பியது.

பயன்பாட்டுக் கணிதத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்து, 1968இல் ஆய்வேட்டையும் எழுதி முடித்தார். ஆனால் கட்டமைத்த படி ஒன்றை நூலகத்தில் ஒப்படைக்கும் கடைசி வேலையை அவர் செய்யவேயில்லை. அதனால் பட்டமும் வரவில்லை. பல ஆண்டுகள் காணாமல் போயிருந்த அந்த ஆய்வேட்டின் படி, அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து 2020இல்தான் பொதுவெளிக்கு வந்தது. பட்டத்துக்காக நாம் படும் பாட்டை நினைத்தால் இது வியப்பாகத்தான் இருக்கிறது!

கைவிடப்பட்ட திட்டம்

1967இல் தந்தையின் வழியிலேயே அவரும் மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அப்போது அங்கே மல்டிக்ஸ் என்னும் மாபெரும் இயங்குதளத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக், பெல் ஆய்வுக்கூடம் ஆகிய மூன்றும் அதில் கூட்டாளிகள். திட்டம் நீண்டுகொண்டே போனது. 1969இல் பெல் ஆய்வுக்கூடம் விலகிக்கொண்டது. பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தக்கூடிய கணினியின் சுவையை அறிந்துவிட்ட ரிட்சியும் நண்பர்களும் வெறுங்கையுடன் நின்றார்கள். புதிய கணினி கேட்டு அனுப்பிய விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன.

அதிகம் பயன்படாமல் ஓரமாகக் கிடந்த பிடிபி-7 என்னும் சிறிய கணினி ஒன்று தாம்சனின் கண்ணில் பட்டது. அதனுடன் ஆறடி உயர வட்டு ஒன்று இருந்தது. கணினியின் மின்னணுப் பகுதி கண்மூடித் திறப்பதற்குள் கணக்கை முடித்துவிடும். வட்டோ சுழலும் இரும்பு. வேண்டிய இடம் சுழன்று வரும்வரை காத்திருந்துதான் ஆக வேண்டும். வந்து குவியும் கோரிக்கைகளை எந்த ஒழுங்கில் நிறைவேற்றினால் வட்டிலிருந்து அதிக வேலை வாங்கலாம் என்பதைச் சோதிக்கத் தாம்சன் ஒரு நிரல் எழுதினார். சோதிப்பதற்குக் கோரிக்கைகளை அனுப்ப வேறு நிரல்கள் வேண்டியிருந்தன. எழுதிக்கொண்டே போனபோது, முழு இயங்குதளத்துக்கு இன்னும் மூன்று பகுதிகள்தான் குறை என்று அவருக்குத் தோன்றியது. மனைவி குழந்தையுடன் ஊருக்குச் சென்றிருந்த மூன்று வாரங்களில், வாரத்துக்கு ஒன்றாக அவற்றை முடித்தார். யூனிக்ஸ் இவ்வாறு ஒரு வட்டுச் சிக்கலிலிருந்துதான் பிறந்தது.

அதன் கோப்பு முறையைத் தாம்சன், ரட் கனடே, ரிட்சி ஆகிய மூவரும் கரும்பலகையில் வரைந்து வரைந்து திட்டமிட்டிருந்தனர். கருவிகளையும் கோப்புகளாகவே காட்டிவிடலாம் என்ற எண்ணம் ரிட்சியுடையது என்பர். வட்டு, நாடா, தட்டச்சு முனையம் ஒவ்வொன்றுக்கும் அதுவரை தனித்தனிக் கட்டளை முறைகள். இந்த எண்ணத்தின்படி அவை எல்லாவற்றுக்கும் கோப்புக்கு இருப்பதுபோல் ஒரு பெயர் இருக்கும். திற, படி, எழுது, மூடு என்ற அதே நான்கு செயல்கள் போதும். வேறுபாடுகளை யாராவது ஒருவர் சுமக்க வேண்டுமே! அதைச் சுமப்பதுதான் இயக்கி எனப்படும் சிறிய நிரல்.

வட்டில்லாத கணினி

காப்புரிமைப் பிரிவுக்கு ஆவணங்களைத் தயாரிக்கும் வசதி செய்து தருகிறோம் என்று சொல்லி, 1970இல் பிடிபி-11 என்னும் புதிய கணினியை வாங்க ஒப்புதல் பெற்றார்கள். கோடையின் இறுதியில் கணினி வந்தது, வட்டு வரவில்லை. வட்டு டிசம்பரில்தான் வந்து சேர்ந்தது. அதுவரை அந்தக் கணினி மூலையில் உட்கார்ந்து, 6க்கு 8 கட்டங்கள் கொண்ட சதுரங்கப் பலகையில் குதிரை எல்லாக் கட்டங்களையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வரும் வழிகளை எண்ணிக்கொண்டிருந்தது. மூன்று மாத வேலை! வட்டு இல்லாத கணினியால் அதற்குமேல் என்ன செய்ய முடியும்? வந்த வட்டின் கொள்ளளவு அரை மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே பெரும்பாலும் அது போதாது. கணினியின் நினைவகமோ 24 கிலோபைட். அதற்குள் யூனிக்ஸ் வாழ்ந்தது. 1971இல் காப்புரிமைப் பிரிவின் தட்டச்சாளர்கள் அதில் வேலை செய்யத் தொடங்கினர்.

அந்த யூனிக்ஸ் கணினிக்கே உரிய கீழ்நிலை மொழியில் எழுதப்பட்டிருந்தது. தாம்சனின் பி மொழியை எடுத்துப் படிப்படியாக வளர்த்து, 1971க்கும் 1973க்கும் இடையே ரிட்சி சி மொழியை உருவாக்கினார். 1972இல் யூனிக்ஸின் உட்கருவைச் சி மொழியில் எழுதத் தாம்சன் முயன்று, முடியாமல் விட்டுவிட்டார். தொடர்புடைய பல தகவல்களை ஒரே கட்டாகக் கட்டிவைக்கும் வசதி அப்போது அம்மொழியில் இல்லை. ரிட்சி அதைச் சேர்த்தார். 1973 கோடையில் இருவரும் சேர்ந்து உட்கருவைச் சி மொழியில் எழுதி முடித்தனர்.

இதில் வட்டுக்கு என்ன தொடர்பு? பிடிபி-11இல் வட்டின் கட்டுப்பாட்டுப் பதிவகங்கள் நினைவக முகவரிகள்போலவே தோன்றும். நிலை, பிழை, கட்டளை, சொல் எண்ணிக்கை, நினைவக முகவரி, வட்டு முகவரி என அவை அடுத்தடுத்து வரிசையாக இருக்கும். ரிட்சி சேர்த்த புதிய வசதியால் அந்த வரிசைக்கு ஒரு வடிவத்தை அறிவித்து, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கையாள முடிந்தது. வன்பொருளைத் தொடும் நிரலையும் மனிதர் படிக்கக்கூடிய மொழியில் எழுதலாம் என்று ஆயிற்று.

ஒரு கோரிக்கையின் பயணம்

1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸில், ஆர்கே05 என்னும் வட்டுக்கான இயக்கியை எடுத்துக்கொள்வோம். சில பக்கங்களில் அடங்கிவிடும் நிரல் அது. அந்த வட்டு நிமிடத்துக்கு 1500 முறை சுழலும். 512 பைட் கொண்ட 4872 தொகுதிகள் அதில் உண்டு. மொத்தம் ஏறத்தாழ இரண்டரை மெகாபைட்.

ஒரு நிரல் கோப்பைப் படிக்கக் கேட்கிறது. கோப்பின் அந்தப் பகுதி வட்டின் 1000ஆம் தொகுதியில் இருப்பதாகக் கோப்பு முறை கண்டறிகிறது. முதலில் நினைவகத்தில் ஒதுக்கப்பட்ட 15 இடைத்தாங்கிகளில் அத்தொகுதி ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கப்படும். இருந்தால் வட்டைத் தொட வேண்டியதே இல்லை. இல்லையென்றால், கருவியின் முதன்மை எண்ணைக் கொண்டு ஓர் அட்டவணையில் உரிய இயக்கியைத் தேடி அதனிடம் வேலை ஒப்படைக்கப்படும். துணை எண், எத்தனையாவது வட்டு என்பதைச் சொல்லும்.

அப்படியொரு தொகுதி வட்டில் உண்டா என்று இயக்கி முதலில் சரிபார்க்கிறது. பிறகு கோரிக்கையை வரிசையின் கடைசியில் சேர்க்கிறது. வட்டு சும்மா இருந்தால் உடனே வேலையைத் தொடங்குகிறது. ஒரு தடத்தில் 12 கூறுகள் என்பதால் 1000ஐ 12ஆல் வகுக்கிறது. ஈவு 83, மீதி 4. மீதி, கூற்றின் எண். ஈவு ஒற்றைப்படை என்பதால் வட்டின் இரண்டாம் முகம். அதன் பாதியாகிய 41, தடத்தின் எண். இவற்றைப் பதிவகங்களில் எழுதிவிட்டுத் தொடங்கு என்று கட்டளையிட்டதும் இயக்கி திரும்பிவிடுகிறது. காத்து நிற்பதில்லை. கேட்ட நிரல் உறங்கப்போகிறது. அந்த இடைவெளியில் கணினி இன்னொருவருடைய வேலையைச் செய்கிறது.

வட்டு தன் வேலையை முடித்ததும் குறுக்கீட்டுச் சைகை ஒன்றை எழுப்பும். உடனே இயக்கியின் இன்னொரு பகுதி விழித்துக்கொண்டு பிழை உண்டா என்று பார்க்கும். இல்லையென்றால், உறங்கும் நிரலை எழுப்பிவிட்டு வரிசையில் அடுத்ததைத் தொடங்கும். பிழை இருந்தால் முதலில் அதை அறிவிக்கும். வட்டை மீட்டமைத்து மறுபடியும் முயலும். அவ்வாறு பத்து முறை முயன்றும் முடியாவிட்டால், அந்தக் கோரிக்கையின்மீது பிழை என்று குறித்துத் திருப்பி அனுப்பும். தெரியாததைத் தெரிந்ததுபோல் கொடுப்பதில்லை. இரண்டு பகுதிகளும் ஒரே வரிசையைத் தொடுவதால், முதல் பகுதி அதைத் திருத்தும் சிறு பொழுதில் வட்டின் குறுக்கீடு தடுத்துவைக்கப்படும். இல்லையேல் வரிசை அறுந்து, கோரிக்கை ஒன்று காணாமல் போய்விடும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. எழுதச் சொன்னவை பல சமயம் இடைத்தாங்கியிலேயே தங்கியிருக்கும். 30 நொடிகளுக்கு ஒருமுறை ஒரு சிறு நிரல் அவற்றை வட்டுக்கு அனுப்பச் செய்யும். அதற்குள் மின்சாரம் போனால் எழுதியதும் போயிற்று. வேகத்துக்குக் கொடுத்த விலை அது. இந்த உள்ளீட்டு வெளியீட்டு அமைப்பு முழுவதையும், புதிதாக இயக்கி எழுத வருபவர்களுக்காக ரிட்சி ஒரு சிறு கட்டுரையில் விளக்கினார். அதன் துணையோடு புதிய வட்டுக்கு இயக்கி எழுதினால் போதும். மேலே உள்ள எந்த நிரலிலும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

நகலெடுத்துப் படித்தவர்கள்

1974இல் ரிட்சியும் தாம்சனும் எழுதிய யூனிக்ஸ் கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. பல்கலைக்கழகங்கள் மூலநிரலுடன் அதைப் பெற்றன. சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் லயன்ஸ், ஆறாம் பதிப்பின் உட்கரு நிரலையும் அதற்கான விளக்கவுரையையும் தம் மாணவர்களுக்காக நூலாக்கினார். நாம் மேலே பார்த்த வட்டு இயக்கியும் அதில் உண்டு. பின்னர் உரிமக் கட்டுப்பாடுகள் வந்தபோது, மாணவர்கள் நகலின் நகலெடுத்து அதைப் படித்தனர். 1996இல்தான் அது வெளிப்படையாக அச்சாயிற்று.

1977இல் யூனிக்ஸ் முற்றிலும் வேறு வகையான ஒரு கணினிக்குப் பெயர்த்துவைக்கப்பட்டது. 1978இல் பிரையன் கெர்னிகனுடன் இணைந்து ரிட்சி எழுதிய சி மொழி நூல் வெளிவந்தது. 1983இல் தாம்சனுடன் டூரிங் விருது, 1998ஆம் ஆண்டுக்கான அமெரிக்கத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம், 2011இல் ஜப்பான் பரிசு எனப் பெருமைகள் தேடி வந்தன. அவரோ கூச்ச சுபாவம் உடையவர். நண்பகலுக்குப் பிறகே அலுவலகம் வருவார். இரவு நெடுநேரம் வேலை செய்வார். யூனிக்ஸின் பெருமையைப் பேசும்போதெல்லாம் தாம்சனின் பங்கையே முன்னிறுத்துவார். 2007இல் ஓய்வுபெற்றார்.

தனியாக வாழ்ந்த ரிட்சி, 2011 அக்டோபர் 12ஆம் நாள் பெர்க்லி ஹைட்ஸில் உள்ள தம் இல்லத்தில் இறந்துகிடக்கக் காணப்பட்டார். வயது 70. ஒரு வாரத்துக்கு முன்னர்தான் ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்திருந்தார். உலகத்தின் நாளிதழ்கள் எல்லாம் அந்தத் துயரத்திலேயே இருந்தன. ஆப்பிள் கணினிகளின் இயங்குதளமும் யூனிக்ஸ் மரபில் வந்ததுதான் என்பதை அன்று நினைத்தவர்கள் குறைவு. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு அடிப்படையான லினக்ஸ் உட்கருவும் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டதே.

நல்ல இயக்கி இருப்பது நமக்குத் தெரிவதில்லை, கெட்டுப்போனால்தான் தெரியும். ரிட்சியின் பெயரும் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. அதற்காக அவர் வருந்தியிருப்பார் என்று தோன்றவில்லை. எங்கோ ஒருவர் மறுபடி மறுபடி எழுதத் தேவையில்லாத வகையில் ஒரு வேலையைச் செம்மையாகச் செய்துவைத்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் திற, படி, எழுது, மூடு என்ற அதே நான்கு செயல்களைத்தான் கணினிகள் செய்துகொண்டிருக்கின்றன. இன்றிரவு இடுபணியைச் சேமிக்கும்போது ஒரு கணம் அவரை நினைத்துக்கொள்வோம்.