துபாய்க்குப் போனதால் துரோகியானவர்

இருக்கிற வேலையை விடாமலேயே ஏஜெண்டைப் பார்ப்பது, சம்பளம் பேசி முடிப்பது, எல்லாம் உறுதியான பிறகு முதலாளியிடம் வாய் திறப்பது. இதெல்லாம் வளைகுடாவுக்கு வந்த நம்ம ஆட்களுக்குப் புதிதில்லை. 1977-ல் இதே காரியத்தைச் செய்தார் இங்கிலாந்து கால்பந்து அணியின் பயிற்சியாளர் டான் ரீவி. அதற்கு அந்த நாடு அவரை மன்னிக்கவே இல்லை.

ரீவி 1927-ல் மிடில்ஸ்பரோ என்ற தொழிற்சாலை ஊரில் பிறந்தவர். அப்பா தச்சர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் அவருக்குக் கொஞ்ச காலம் வேலையே இல்லை. துணி துவைத்துச் சம்பாதித்த அம்மா 1939-ல் புற்றுநோயில் போய்விட்டார். பையன் பள்ளியை விட்டதும் கொத்து வேலை பழகினான். வறுமை பற்றிய பயம் ரீவியைக் கடைசி வரை விடவில்லை என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

ஆட்டக்காரராக அவர் சாதாரண ஆள் இல்லை. மான்செஸ்டர் சிட்டியில் சென்டர் ஃபார்வர்டாக இருந்துகொண்டே பின்னால் இறங்கி பந்தை வாங்கி விளையாடினார். ஹங்கேரிக்காரர்களிடம் பார்த்துக் கற்றது அது. அந்த உத்திக்கே ரீவி பிளான் என்று பெயர் வந்தது. 1955-ல் ஆண்டின் சிறந்த வீரர் விருது, 1956-ல் எஃப்.ஏ. கோப்பை.

1961-ல் லீட்ஸ் யுனைடெட் அவரை ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் வைத்துக்கொண்டது. அப்போது அது இரண்டாம் டிவிஷனில் தத்தளித்துக்கொண்டிருந்த கிளப். ரியல் மாட்ரிட் மாதிரி முழு வெள்ளை ஜெர்சி போட்டுவிட்டார். கொஞ்சம் அகலக்கால்தான்! ஆனால் 1969-லும் 1974-லும் லீக் பட்டம், நடுவில் 1972-ல் எஃப்.ஏ. கோப்பை. எதிரணியைப் பற்றி முன்கூட்டியே ஃபைல் தயாரித்து வீரர்களிடம் கொடுப்பார். இன்று எல்லா அணியும் செய்கிற வேலை, அன்று கேலிக்குரியது. மூடநம்பிக்கையும் உண்டு. ராசியான நீல கோட் சூட்டை மாற்றவே மாட்டார்.

1974-ல் இங்கிலாந்து பொறுப்பு. அங்கே எடுபடவில்லை. 29 ஆட்டங்களில் 14 வெற்றி. உலகக் கோப்பைக்குத் தகுதி பெறுவதும் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. எப்படியும் தன்னை அனுப்பிவிடுவார்கள் என்று நம்பினார். 1977 ஜூனில் அணி தென் அமெரிக்கா போனபோது, இத்தாலி ஆட்டத்தைப் பார்க்க ஹெல்சிங்கி போகிறேன் என்று சொல்லிவிட்டு துபாய்க்கு வந்து பேச்சை முடித்தார். நான்கு வருஷத்துக்கு 3,40,000 பவுண்டு, வரி கிடையாது. இங்கிலாந்தில் அவர் வாங்கியது வருஷத்துக்கு 25,000. அதிலும் அங்கே அன்றைய உச்ச வருமான வரி 83 சதவீதம். கணக்கு நமக்குப் புரியும்.

ஜூலையில் ராஜினாமா கடிதத்தைக் கால்பந்து சங்கம் பிரித்துப் படிப்பதற்குள் செய்தி டெய்லி மெயிலில் வந்துவிட்டது. அதையும் காசுக்கு விற்றிருந்தார். சங்கம் பத்து வருஷம் தடை போட்டது. ரீவி கோர்ட்டுக்குப் போனார். விசாரித்தவர்களே பாரபட்சமானவர்கள் என்று 1979-ல் தடை ரத்தானது. ஆனால் தீர்ப்பு சொன்ன நீதிபதியே அவருடைய நடத்தையைக் கடுமையாகச் சாடினார். என்னைக் கேட்டால், பிழைக்க வந்தது குற்றமில்லை, ஹெல்சிங்கி பொய்தான் அசிங்கம். அதற்காகப் பத்து வருஷம் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தது பழிவாங்கல்.

அவர் வந்தபோது அமீரகம் பிறந்து ஆறு வருஷம்கூட ஆகவில்லை. எண்ணெய்ப் பணத்தில் ரோடும் துறைமுகமும் எழும்பிக்கொண்டிருந்த காலம். நம்மூரிலிருந்து முதல் தலைமுறை ஆட்கள் வந்து இறங்கியதும் அப்போதுதான். தேசிய அணியில் அவருக்குப் பெரிய வெற்றிகள் கிடைக்கவில்லை. ஆனால் பயிற்சி முறை, வசதி, ஒழுங்கு என்று அடித்தளம் போட்டார் என்பது பலருடைய மதிப்பீடு. 1980-ல் அந்தப் பொறுப்பை விட்டு துபாயின் அல் நஸ்ர் கிளப்புக்குப் போனார். ஊத் மேத்தா பக்கம் லெஷர்லேண்டுக்கு நிகழ்ச்சி பார்க்கப் போகிறவர்கள் அல் மக்தூம் ஸ்டேடியத்தைப் பார்த்திருப்பீர்கள், அந்தக் கிளப்தான். 1984-ல் கெய்ரோவின் அல் அஹ்லி. ஒரு சீசன்கூட முடியவில்லை, ஊருக்குத் திரும்பிவிட்டார்.

1987-ல் மோட்டார் நியூரான் நோய் என்று தெரிந்தது. லீட்ஸ் மைதானத்தில் ஓடியாடிய மனிதர் சக்கர நாற்காலிக்கு வந்தார். 1989 மே 26-ல் எடின்பரோவில் இறந்தபோது வயது 61. இறுதிச் சடங்குக்கு இங்கிலாந்து கால்பந்து சங்கத்திலிருந்து யாரும் வரவில்லை. லீட்ஸ் மட்டும் மறக்கவில்லை. மைதானத்தில் ஒரு ஸ்டாண்டுக்கு அவர் பெயர், 2012-ல் வெளியே ஒரு சிலை.

அவர் இறந்து ஐந்து மாதத்தில், பிரேசிலின் ஸகாலோ பயிற்சியில், அமீரகம் முதல்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. 1990-ல் மிலான் நகரில் மேற்கு ஜெர்மனியிடம் ஐந்து கோல் வாங்கியது அந்த அணி. திருப்பி ஒரு கோல் போட்டார் காலித் இஸ்மாயில்.