ஐஃபலும் காற்றும்

கோலாலம்பூருக்கு இரட்டைக் கோபுரம் அடையாளமாக இருப்பதைப் போல, பாரிஸ் நகருக்கு ஐஃபல் கோபுரம் அடையாளமாக விளங்குகிறது. அதை எழுப்பிய குஸ்தாவ் ஐஃபல், தம் முதுமையில் காற்றை ஆராய்ந்தவர் என்பதைப் பலர் அறியார்.

ஐஃபல் 1832ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் பிரான்சு நாட்டின் டிஜோன் நகரில் பிறந்தார். இரும்புப் பாலங்கள் கட்டிப் புகழ் பெற்றார். 1889இல் 300 மீட்டர் உயரக் கோபுரத்தைக் கட்டி முடித்தார். பின்னர்ப் பனாமா கால்வாய் வழக்கில் சிக்கினார். 1893இல் அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை மேல் நீதிமன்றம் நீக்கியது. ஆயினும், அவர் தொழிலிலிருந்து விலகினார்.

அவர் ஓய்ந்திருக்கவில்லை. கோபுரத்தின் இரண்டாம் தளத்திலிருந்து தகடுகளை விழச் செய்து, காற்றின் எதிர்ப்பை அளந்தார். 1909இல் கோபுரத்தின் அருகே காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்தார். அதனுள் விசிறியால் காற்றைச் செலுத்தி, விமானங்களின் சிறிய மாதிரிகளைச் சோதித்தார்.

கோளத்தின் மீது காற்று தரும் எதிர்ப்பையும் அவர் அளந்தார். ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வுக்கூடமும் அதே சோதனையைச் செய்தது. ஆனால், ஐஃபல் கண்ட எதிர்ப்புக் கெழு கோட்டிங்கன் அளவில் பாதிக்கும் குறைவாக இருந்தது. அவர் கணக்கில் தவறிவிட்டார் என்று அங்குள்ளோர் கருதினர். அவருடைய நற்பெயருக்கு மீண்டும் ஒரு சோதனை வந்தது.

ஐஃபல் வாதம் செய்யவில்லை, மீண்டும் அளந்தார். வெவ்வேறு அளவுள்ள மூன்று கோளங்களை வெவ்வேறு வேகங்களில் சோதித்தார். வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் எதிர்ப்புக் கெழு திடீரெனக் குறைவதைக் கண்டார். கோட்டிங்கனில் காற்றின் வேகம் அந்த எல்லைக்குக் கீழே இருந்தது. இரு தரப்பு அளவுகளும் சரியானவையே! 1912 டிசம்பரில் இம்முடிவை வெளியிட்டபோது அவருக்கு 80 வயது.

இதன் காரணத்தை 1914இல் கோட்டிங்கன் அறிஞர் லுட்விக் பிராண்டில் விளக்கினார். குறைந்த வேகத்தில், கோளத்தை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கு சீராக ஓடி, விரைவில் பரப்பை விட்டுப் பிரிகிறது. அதனால் கோளத்தின் பின்னால் அகன்ற சுழல் பகுதி உண்டாகி, எதிர்ப்பு மிகுகிறது. வேகம் கூடும்போது அந்த அடுக்கு கொந்தளிக்கிறது. பரப்பை நெடுந்தொலைவு பற்றிச் செல்கிறது. சுழல் பகுதி சுருங்குகிறது. கோளத்தைச் சுற்றி மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டி அடுக்கைக் கொந்தளிக்கச் செய்து, பிராண்டில் இதை மெய்ப்பித்தார். கோல்ஃப் பந்தின் குழிகள் செய்யும் வேலையும் இதுவே.

ஐஃபல் 1923ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் மறைந்தார். இன்று கணினி வழியே காற்றோட்டத்தைக் கணிக்கிறோம். எனினும், பரப்பை விட்டுப் பிரியும் கொந்தளிப்பான ஓட்டத்தில் கணிப்பும் சோதனையும் பல வேளைகளில் வேறுபடுகின்றன. அப்போது பிறரைக் குறை கூறாமல், வேறுபாட்டின் காரணத்தைத் தேடுவதே அறிவியல். ஐஃபல் காட்டிய வழியும் அதுவே.