எல்லைக்கோடும் புகலிடமும்

பாகூர், வில்லியனூர்ப் பகுதிகளின் பிரெஞ்சுச் சிற்றூர்கள் அன்று ஆங்கிலேயர் நிலத்தோடு பின்னிக் கிடந்தன. ஒரு வரப்பைக் கடந்தால் சட்டமே மாறும். அந்த எல்லையை நம்பிப் பத்தாண்டுகள் வாழ்ந்தவர் வ.வே.சு. ஐயர்.

1881இல் திருச்சி வரகனேரியில் பிறந்த அவர், சட்டம் பயில இலண்டன் சென்று, சாவர்க்கரோடு விடுதலைப் பணியில் இணைந்தார். 1910இல் மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரியை அடைந்தார். அரசியல் குற்றம் சாட்டப்பட்டோரை அயல்நாட்டிடம் ஒப்படைப்பதில்லை என்னும் மரபு அவருக்கு அரணாயிற்று.

சாவர்க்கருக்கோ அவ்வரண் வாய்க்கவில்லை. கைதியாகக் கப்பலில் சென்ற அவர், 1910 ஜூலையில் மார்செய் துறைமுகத்தில் நீந்திக் கரையேறினார். பிரெஞ்சுக் காவலரே அவரைப் பிடித்து ஒப்படைத்தார். ஒப்படைத்த முறை பிழையாயினும், அவரைத் திருப்பித்தரும் கடமை பிரிட்டனுக்கு இல்லை என ஹேக் நடுவர் மன்றம் 1911இல் தீர்ப்பளித்தது.

முதல் உலகப்போரில் பிரான்சும் பிரிட்டனும் ஓரணியில் நின்றன. ஐயரை ஆப்பிரிக்காவிற்கு நாடு கடத்துமாறு ஆங்கிலேயர் வற்புறுத்தினர். அந்த அச்சத்தினிடையே திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். நூல் 1916இல் வெளிவந்தது. போருக்குப்பின் 1920இல் தமிழகம் திரும்பிய அவர், 1925இல் பாபநாசம் அருவியில் மகளைக் காக்க முயன்று உயிர்நீத்தார்.

அரசுகளின் நட்பும் பகையும் மாறுந்தோறும் புகலிடம் நடுங்கும். அவற்றுக்கு மேற்பட்ட பொதுநீதியின் தேவையை ஐயரின் வாழ்வு உணர்த்துகிறது.