விண்மீன்களின் நடையைக் கணித்தவர்

தம்பானூர்த் தொடர்வண்டி நிலையத்தில் சென்னையிலிருந்து வரும் வண்டி நின்றதும், பெட்டி படுக்கைகளோடு இறங்கும் குடும்பங்களுள் சில இங்கேயே தங்கிவிடுகின்றன. தந்தைக்கோ தாய்க்கோ பணிமாற்றம் வந்திருக்கும். பிள்ளைகள் புதிய பள்ளியில் புதிய மொழியைக் கேட்கத் தொடங்குவர். தமிழ் வீட்டுக்குள் மட்டும் பேசும் மொழியாகச் சுருங்கும். நூறாண்டுகளுக்கு முன்பும் இத்தகைய குடும்பங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றில் பிறந்த சிறுவனே, பின்னாளில் விண்மீன்களின் வாழ்வையும் முடிவையும் கணக்கிட்டுச் சொன்ன சுப்பிரமணியன் சந்திரசேகர்.

அவருடைய தந்தை சி. சுப்பிரமணிய ஐயர் அரசின் கணக்குத் தணிக்கைத் துறை அலுவலர். வடமேற்கு இரயில்வேயின் தணிக்கைப் பணிக்காக அவர் லாகூரில் வாழ்ந்தபோது, 1910ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள் சந்திரசேகர் பிறந்தார். பத்துப் பிள்ளைகளுள் அவர் மூன்றாமவர், ஆண்மக்களுள் மூத்தவர். 1916இல் குடும்பம் இலக்னோவுக்கும், 1918இல் சென்னைக்கும் பெயர்ந்தது. பன்னிரண்டு வயது வரை சந்திரசேகர் பள்ளிக்குச் செல்லவில்லை; வீடே அவருக்குப் பள்ளி. ஆங்கிலமும் கணக்கும் தந்தை கற்பித்தார். தமிழைக் கற்பித்தவர் தாய் சீதாலட்சுமி. அவ்வம்மையார் இப்சன் என்னும் நார்வே நாட்டு நாடக ஆசிரியரின் புகழ்பெற்ற நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். லாகூரில் பிறந்த பிள்ளைக்குத் தமிழ் வாய்த்தது பள்ளியால் அன்று, தாயால்.

1920ஆம் ஆண்டில் ஒரு நாள், கணிதமேதை இராமானுசன் மறைந்த செய்தியை நாளிதழில் படித்த தாய், அதனை மகனுக்குச் சொன்னார். அப்போது அவருக்கு வயது ஒன்பது. கும்பகோணத்தில் வளர்ந்த ஒருவர் கேம்பிரிட்ஜ் வரை சென்று உலகப்புகழ் பெற்றார் என்னும் செய்தி அச்சிறுவனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்றபின், 1925இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். மகன் இந்தியக் குடிமைப் பணிக்குச் செல்ல வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனோ கணிதம் பயில விரும்பினார். தாய் மகன் பக்கம் நின்றார். இறுதியில் இருவருக்கும் பொதுவாக இயற்பியல் அமைந்தது. சந்திரசேகர் இயற்பியல் மாணவராகப் பதிவு செய்துகொண்டு, கணித வகுப்புகளிலும் சென்று அமர்ந்தார். அவருடைய சிற்றப்பா சர் சி. வி. இராமன் அக்காலத்திலேயே புகழ்பெற்ற இயற்பியலாளர்.

1928இல் செருமானிய அறிஞர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவருடைய நூலைக் கரைத்துக் குடித்திருந்த சந்திரசேகர், அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று சந்தித்தார். அந்நூலில் உள்ளவை பழமையாகிவிட்டன என்றும், சில ஆண்டுகளில் அணுவின் இயற்பியல் முற்றிலும் மாறிவிட்டது என்றும் சோமர்ஃபெல்ட் கூறியபோது இளைஞர் திகைத்தார். இன்னும் அச்சில் வெளிவராத தம் புதிய கட்டுரையின் படிகளைச் சோமர்ஃபெல்ட் அவருக்குக் கொடுத்தார். அதில்தான் எலக்ட்ரான்களைக் கணக்கிடும் புதிய முறை இருந்தது.

அம்முறையை விளங்கிக்கொள்ளத் தம்பானூரிலிருந்து புறப்படும் இரவு வண்டி ஒன்றை எண்ணிக்கொள்ளலாம். படுக்கை வசதிப் பெட்டியில் ஒருவருக்கு ஒரு படுக்கை. எந்தெந்தப் படுக்கைகள் நிரம்பியுள்ளன, எவை காலியாக உள்ளன என்று சொல்லிவிட்டால் பெட்டியின் நிலை தெரிந்துவிடும். இவ்வாறு அமையக்கூடிய எல்லா நிலைகளையும் ஒருசேரத் தொகுத்து எண்ணுவதைக் கணிதத்தில் நிலைவெளி என்பர். அவற்றுள் எந்த நிலை எவ்வளவு வாய்ப்போடு அமையும் என்பதைக் காட்டுவது நிகழ்தகவுப் பரவல். எலக்ட்ரான்களுக்கும் இத்தகைய இருக்கை வரிசை உண்டு. ஓர் இருக்கையில் ஓர் எலக்ட்ரான் மட்டுமே இருக்கலாம். ஆர்.ஏ.சி. என்று ஒரே படுக்கையில் இருவரை அமர்த்தும் சலுகையை எலக்ட்ரான்களுக்கு இயற்கை வழங்கவில்லை. ஆற்றல் குறைந்த கீழ்வரிசைகள் நிரம்பிவிட்டால், அடுத்து வருபவை ஆற்றல் மிகுந்த மேல்வரிசைக்கு ஏறியே தீர வேண்டும். எனவே பொருள் குளிர்ந்து கிடந்தாலும் அதனுள் இருக்கும் எலக்ட்ரான்கள் விரைந்து இயங்கும். நெருக்கினால் எதிர்த்துத் தள்ளும்.

இக்கணக்கைப் பயன்படுத்திச் சந்திரசேகர் எழுதிய முதற் கட்டுரை, 1929இல் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. கட்டுரையை எழுதியபோது அவருக்கு வயது பதினெட்டு.

மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல அரசு உதவித்தொகை கிடைத்தது. ஆனால் வீட்டில் தாய் கடும் நோயுற்றிருந்தார். இந்நிலையில் மகன் கடல் கடந்து செல்வது தகுமா என்று உறவினர் தயங்கினர். தயங்காதவர் தாய் ஒருவரே. அவர் வற்புறுத்தியதால், 1930 சூலை 31 அன்று சந்திரசேகர் பம்பாயில் கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டு மே மாதம் தாய் மறைந்தார். மகனால் திரும்பி வர இயலவில்லை.

அக்கப்பற் பயணத்தில் அவர் செய்த கணக்கை உலகம் அறியும். எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையாலேயே சுருங்கும். அதனுள் நெருக்குண்ட எலக்ட்ரான்கள் எதிர்த்துத் தள்ளுவதால் சுருக்கம் ஓரிடத்தில் நிற்கும். அவ்வாறு நின்ற விண்மீனே வெண்குறுமீன். இதனை ஃபவுலர் என்னும் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் முன்பே விளக்கியிருந்தார். மேல்வரிசைக்கு ஏறிய எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குமே, அங்கு ஐன்ஸ்டைனின் சார்பியலையும் சேர்க்க வேண்டாமா என்று பத்தொன்பது வயது இளைஞர் எண்ணிப் பார்த்தார். சேர்த்தபோது விடை மாறியது. எதிர்த்துத் தள்ளும் வலிமைக்கு ஓர் எல்லை உண்டு, ஏறத்தாழ 1.4 சூரியன்களின் நிறைக்கு மேற்பட்ட விண்மீன் வெண்குறுமீனாக ஓய்ந்து நிற்க முடியாது. இம்முடிவு 1931இல் அச்சேறியது. தம்பானூரில் இன்று நாம் காணும் கருங்கல் நிலையக் கட்டடமும் அதே ஆண்டில் திறக்கப்பட்டதுதான்.

1935 சனவரி 11 அன்று இலண்டனில் கூடிய வானியல் கழகத்தில் சந்திரசேகர் தம் முடிவை விளக்கினார். அடுத்து எழுந்தவர் அக்காலத்து வானியலாளருள் தலைசிறந்தவராக மதிக்கப்பட்ட எடிங்டன். விண்மீன் ஒன்று முடிவின்றிச் சுருங்குவது அபத்தம் என்றும், இயற்கை அதனை அனுமதிக்காது என்றும் கூறி, அவர் அவையைச் சிரிக்க வைத்தார். நாள்தோறும் தம்மோடு பேசிப் பழகியவரே பலர் முன்னிலையில் இவ்வாறு செய்வார் என்று சந்திரசேகர் எதிர்பார்க்கவில்லை. இயற்பியல் அறிஞர் சிலர் இளைஞர் கூறுவதே சரி என்று தனியே ஒப்புக்கொண்டனர். ஆனால் வெளிப்படையாக எழுந்து சொல்ல எவரும் முன்வரவில்லை.

அவர் வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு வழக்கையே நடத்திக்கொண்டிருந்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. 1936இல் சென்னைக்கு வந்து, கல்லூரித் தோழி லலிதாவை மணந்தார். 1937இல் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணியேற்றார். தம் கண்டுபிடிப்புகளை 1939இல் ஒரு நூலாக எழுதி முடித்தார். பின்னர் வேறொரு துறைக்குத் திரும்பினார். தோல்வியால் ஒதுங்கினார் என்று இதனைக் கொள்வது பொருந்தாது. நூலை முழுமையாக எழுதி வைத்துவிட்டே அவர் நகர்ந்தார்.

புதிய துறையில் கேள்வியும் புதிது. கோடிக்கணக்கான விண்மீன்கள் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு அலையும்போது, ஒரு தனி விண்மீன் எங்கே போய்ச் சேரும்? ஒவ்வோர் ஈர்ப்பையும் தனித்தனியே கணக்கிட எவராலும் இயலாது. எனவே சந்திரசேகர் நிகழ்தகவின் துணையை நாடினார். 1943இல் வெளிவந்த 89 பக்கக் கட்டுரையில், மிக எளிய ஓர் எடுத்துக்காட்டிலிருந்து அவர் தொடங்குகிறார். ஒரு நேர்கோட்டில் முன்னும் பின்னும் அடிவைக்கும் சமவாய்ப்பு நடையே அது.

அதனைத் தம்பானூர் நடைமேடையிலேயே நடத்திப் பார்க்கலாம். சிறுமி ஒருத்தி நடைமேடையின் நடுவில் நிற்கிறாள். நாணயத்தைச் சுண்டுகிறாள். தலை விழுந்தால் கொல்லம் திசையில் ஓரடி. பூ விழுந்தால் நாகர்கோவில் திசையில் ஓரடி. நான்கு முறை சுண்டியபின் எங்கே நிற்பாள்? பூவும் தலையும் விழக்கூடிய வகைகள் மொத்தம் 16. அவற்றுள் 6 வகைகளில் அவள் தொடங்கிய இடத்திலேயே நிற்பாள். கொல்லம் திசையில் இரண்டடி தள்ளி நிற்பது 4 வகை. நாகர்கோவில் திசையில் இரண்டடி தள்ளி நிற்பதும் 4 வகை. நான்கடி தள்ளி நிற்பது பக்கத்திற்கு ஒரு வகைதான். 1, 4, 6, 4, 1 என்னும் இவ்வரிசையே அவளுடைய இடத்தின் நிகழ்தகவுப் பரவல். அவள் நிற்கக்கூடிய இடங்கள் எல்லாம் சேர்ந்தது நிலைவெளி. சுண்டும் எண்ணிக்கை பெருகப் பெருக, இவ்வரிசை கோயில் மணியைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற வளைகோடாக மாறும்.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. அவள் விலகி நிற்கும் தொலைவு, அடிகளின் எண்ணிக்கையைப் போல் வளர்வதில்லை. அதன் வர்க்கமூலத்தைப் போல் வளர்கிறது. நூறு அடி வைத்தால் ஏறத்தாழப் பத்தடி விலகுவாள். பத்தாயிரம் அடி வைத்தாலும் விலகல் நூறடி அளவே இருக்கும். கால் வலிப்பதுதான் மிச்சம். ஆயினும் விலகல் ஒருபோதும் நின்றுவிடுவதில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

கட்டுரையின் வேறொரு பகுதியில் நுண்துகள்கள் வருகின்றன. பேருந்து நிலையத்தின் தரையில் ஒரு சதுரம் வரைந்து, நிமிடத்திற்கு ஒரு முறை அதனுள் நிற்பவரை எண்ணுவதாகக் கொள்வோம். ஒருமுறை மூவர், அடுத்த முறை இருவர், பிறகு ஒருவரும் இல்லை. இங்கு நிலை என்பது 0, 1, 2, 3 என்னும் எண்ணிக்கையே. இப்போது மூவர் இருந்தால் அடுத்த நிமிடம் எத்தனை பேர் இருக்க வாய்ப்பு மிகுதி? நீரில் மிதக்கும் துகள்களைப் பற்றி இக்கேள்வியை எழுப்பி விடையும் கண்டவர் போலந்து அறிஞர் ஸ்மோலுச்சோவ்ஸ்கி. சுவீடன் நாட்டு ஆய்வாளர் நுண்ணோக்கியின் வழியே துகள்களை எண்ணிப் பார்த்தபோது, கணக்கும் எண்ணிக்கையும் நன்கு ஒத்திருந்தன. இவற்றைச் சந்திரசேகர் ஒழுங்குபடுத்தி விளக்கினார்.

இனி விண்மீனுக்கு வருவோம். நடைமேடைச் சிறுமியின் நிலையைச் சொல்ல ஓர் எண் போதும். விண்மீனின் நிலையைச் சொல்ல ஆறு எண்கள் வேண்டும்: இருக்கும் இடத்திற்கு மூன்று, செல்லும் திசைவேகத்திற்கு மூன்று. பிற விண்மீன்கள் அருகில் கடக்கும்போதெல்லாம் அது சிறு உந்தல்களைப் பெறுகிறது. ஒவ்வோர் உந்தலும் நாணயத்தைச் சுண்டுவது போன்றது. உந்தல்கள் மட்டுமே உண்டு என்றால், சிறுமியின் விலகலைப் போல, விண்மீன்களின் வேகமும் காலப்போக்கில் எல்லையின்றிப் பரந்துகொண்டே போக வேண்டும். ஆனால் ஒரு விண்மீன் கூட்டத்தில் வேகங்களின் பரவல் ஓர் ஒழுங்கில் நிலைபெற வேண்டும் என்பது இயற்பியல் விதி. அப்படியானால் பரவலை இழுத்துப் பிடிக்கும் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். விரைந்து செல்லும் விண்மீனைச் சுற்றியுள்ள விண்மீன்களின் ஈர்ப்பே மெல்லத் தடுத்து நிறுத்துகிறது என்பதை இவ்வழியில் அவர் கண்டுகொண்டார். காற்றும் இல்லை, நீரும் இல்லை. வெறும் ஈர்ப்பால் உண்டாகும் உராய்வு அது. இயக்கவியல் உராய்வு என்று அதற்கு அவர் பெயரிட்டார். விண்மீன்கள் ஓரிடத்தில் உண்டாக்கும் ஈர்ப்பின் ஏற்ற இறக்கத்தைப் பற்றி, கணித அறிஞர் ஜான் வான் நாய்மனோடு சேர்ந்தும் அவர் கட்டுரைகள் எழுதினார்.

1954இல் மின்பொறியாளர்க்காக இரைச்சல் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்று வெளிவந்தபோது, சந்திரசேகரின் 89 பக்கங்களும் அதில் இடம்பெற்றன. விண்மீன்களுக்காக எழுதியதை வானொலிக் கருவி செய்வோரும் வேதியியலாரும் படித்தனர். அவரோ அதற்குள் அத்துறையையும் விட்டு வேறு துறைகளுக்குச் சென்றிருந்தார். ஒரு துறையில் சில ஆண்டுகள் ஆழ்வதும், நூல் எழுதி முடிப்பதும், அடுத்ததற்குப் பெயர்வதும் அவர் வழக்கமாயின.

எடிங்டன்மீது அவர் காழ்ப்புக் கொள்ளவில்லை. 1982இல் எடிங்டனின் நூற்றாண்டை ஒட்டிக் கேம்பிரிட்ஜில் சொற்பொழிவாற்றியவர் சந்திரசேகரே. அவற்றில் எடிங்டனின் பெருமையை விரித்துரைத்தார். நடந்த வாதத்தையும் மறைக்கவில்லை. மறு ஆண்டு, தம் 73ஆம் பிறந்தநாளில், அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசைப் பகிர்ந்துகொண்டவர் வில்லியம் ஃபவுலர். பெயர் ஒன்றாயினும் கேம்பிரிட்ஜ் ஃபவுலர் வேறு, இவர் வேறு. கப்பலில் கணக்கிட்ட எல்லைக்கும் பரிசுக்கும் இடையே 53 ஆண்டுகள் கடந்திருந்தன.

சந்திரசேகர் 1995 ஆகஸ்டு 21 அன்று சிகாகோவில் மறைந்தார். 1999 சூலையில் விண்ணுக்கு ஏவப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயரிடப்பட்டது. நண்பர்கள் அவரை அழைத்த பெயர் அதுவே.