ஆரோக்கியவரத்து டேனிஷ் டாக்டர்

மலருக்கு ஒரு டாக்டரின் வாழ்க்கை பற்றி எழுதித் தாங்க என்று நண்பர்கள் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தவர் டாக்டர் கிறிஸ்டியன் ஃபிரிமொட்-மோலர்.

டென்மார்க்கிலிருந்து மிஷன் டாக்டராக வந்தவர். திருக்கோவிலூரில் பணி செய்தபின் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளிக்குப் போனார். 1915-இல் அங்கே ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியம் திறந்தபோது அவர்தான் முதல் சூப்பரின்டெண்ட். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம். ஓய்வு, சத்தான சாப்பாடு, நல்ல காற்று, அவ்வளவுதான். சானடோரியத்துக்குப் போனவர் வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டாங்க.

அந்த இடத்தில் இருந்துகொண்டே, சிலருக்கு வந்திருப்பது காசநோயே இல்லை என்று கண்டு சொன்னாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இருமல், இளங்காய்ச்சல், எக்ஸ்ரேயில் பொடிப்பொடியாக நிழல், எல்லாம் டி.பி. மாதிரியே. ஆனால் சளியில் கிருமி இல்லை. ரத்தத்தில் இயோசினோஃபில் அணுக்கள் மட்டும் ஏகத்துக்கு இருந்தன. 1940-இல் பார்ட்டன் என்பவருடன் சேர்ந்து இந்தியன் மெடிக்கல் கெஜட்டில் இதைப் போலிக் காசநோய் என்று எழுதினார். 1943-இல் வைன்கார்ட்டன் இதற்கு டிராபிகல் இயோசினோஃபிலியா என்று பெயர் வைத்தார். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் நுரையீரலில் சிக்கி உடம்பு அதை எதிர்ப்பதுதான் காரணம் என்பது பிறகுதான் தெளிவாச்சு. (அதனால்தான் ராத்திரி ரத்தம் எடுத்துப் பார்த்தாலும் புழு அகப்படாது.) 1958-இல் சிங்கப்பூரில் டாக்டர் தனராஜ் டைஈதைல்கார்பமசின் கொடுத்து குணமாவதைக் காட்டினார். நம்ம ஊரில் வீடுவீடாக வந்து கொடுத்தார்களே யானைக்கால் மாத்திரை, அதேதான்.

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் தொழிற்சாலை டாக்டராக இருக்கும் எனக்கு மோலர் அடிக்கடி நினைவுக்கு வருவார். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தால் முதலில் டி.பி.யைத்தான் நினைக்கிறோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனாலும் எடுத்த நீரில் அணுக்களை வகைபிரித்து எண்ணச் சொல்லுங்க. இயோசினோஃபில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் என்றால், முன்பே ஊசி குத்தியதில் ரத்தமோ காற்றோ போயிருக்கலாம், ஏதாவது மருந்தாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். ஒட்டுண்ணியையும் விட்டுவிடக் கூடாது. எந்த ஊர், என்ன சாப்பிட்டீங்க என்று கேட்கணும். மணிப்பூர், நாகாலாந்து, அருணாசலப் பிரதேசத்திலிருந்து வந்தவர் என்றால், ஓடை நண்டை அரைவேக்காட்டில் சாப்பிட்டு நுரையீரல் புழு வந்திருக்கலாம். சளியில் ரத்தம்கூட வரும். ஆறு மாதம் டி.பி. மாத்திரை சாப்பிட்டாலும் அது போகாது. பிராசிகுவான்டல் மூன்று நாள் போதும். டி.பி. என்று பெயர் விழுந்தால் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலையும் போகலாம், தங்கும் அறையும் போகலாம்.

மாணவர்களுக்கு ஒன்று: டி.பி. பரிசோதனைக்குச் சாயம் போட்ட ஸ்லைடிலும் அந்தப் புழுவின் முட்டைகளைத் தேடுங்க. சளியைச் சாயம் போடாமல் ஈரமாகவும் ஒரு ஸ்லைடில் வைத்துப் பாருங்க.