ரமண மகரிஷி: எழுந்து நிற்கவே முடியாத 17 வயசுப் பையன் மலை ஏறினது எப்படி? தசை இழப்பு பற்றி எலியும் குரங்கும் சொல்வது என்ன?

பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலையில் கூட்டம் அலைமோதும். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலம். இளசுகள் மூன்று நான்கு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்கள் வழியில் உள்ள ஒவ்வொரு லிங்கத்திலும் உட்கார்ந்து எழுந்து போவார்கள். உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் கஷ்டம். முட்டி வலி என்று சொல்லிக்கொள்வார்கள். பல நேரங்களில் பிரச்சினை முட்டியில் மட்டும் இல்லை. அதைத் தாங்கிப் பிடிக்கிற தசையிலும் இருக்கிறது.

இதே ஊரில், இதே மலையடியில் 54 ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தவர் ரமண மகரிஷி. அவரது ஆன்மிகம் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அவரது உடல் கடந்து வந்த பாதை பற்றிப் பேச்சு குறைவு. அந்தப் பாதையில், தசையைப் பற்றி இன்றைய அறிவியல் எலிகளையும் குரங்குகளையும் வைத்துக் கண்டுபிடித்த முக்கியமான ஒரு பாடம் இருக்கிறது.

மதுரையில் எப்படி இருந்தார்?

ரமணர் 1879 டிசம்பர் 30 அன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ள திருச்சுழியில் பிறந்தார். இயற்பெயர் வேங்கடராமன். அப்பா சுந்தரம் ஐயர், அம்மா அழகம்மாள். அப்பா இறந்த பிறகு மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தார். படிப்பைவிட விளையாட்டில்தான் ஆர்வம். கால்பந்து, குஸ்தி, நீச்சல் என்று எல்லாவற்றிலும் இறங்கிய திடகாத்திரமான பையன்.

1896 ஜூலையில், 16 வயதில், மரண பயம் அவரைத் திடீரென்று பிடித்தது. அந்த அனுபவம் அவர் வாழ்க்கையையே திருப்பிப் போட்டது. ஆகஸ்ட் 29 அன்று வீட்டில் யாரிடமும் நேரில் சொல்லாமல் கிளம்பினார். ரயிலிலும் நடையுமாக வந்து செப்டம்பர் 1 அன்று அண்ணாமலையார் கோயிலுக்குள் நுழைந்தார். அதற்குப் பிறகு சாகும்வரை திருவண்ணாமலையை விட்டு வெளியே போகவே இல்லை.

பாதாள லிங்கத்தில் என்ன நடந்துச்சு?

முதலில் ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தார். பையன்கள் கல் எறிந்ததால் அதே மண்டபத்தில் இருக்கும் பாதாள லிங்கக் குகைக்குள் போய்விட்டார். வெளிச்சம் இல்லாத, ஈரமான இடம். பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கின. அவர் அசையவில்லை. கடைசியில் சிலர் உள்ளே போய்த் தூக்கித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். தூக்கியதுகூட அவருக்குத் தெரியவில்லை என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

1897-ல் ஊருக்கு வெளியே உள்ள குருமூர்த்தத்துக்கு மாறினார். அங்கேயும் நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார். மதியம் ஒரு கிண்ணம் சாப்பாடு, அவ்வளவுதான். விளைவு? உடல் வற்றிப்போனது. எழுந்திருக்கப் பார்ப்பார். கொஞ்சம் எழும்பி, தலை சுற்றி, மறுபடி உட்கார்ந்துவிடுவார். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய நிலை. உடனிருந்த பழனிசாமி தாங்கிப் பிடித்த பிறகுதான், தான் விழப் போகிறோம் என்பதே அவருக்குத் தெரிந்தது. ஒன்றிரண்டு வருடம் முன்னால் குஸ்தி போட்ட பையனின் கதை இது.

எலியின் வாலைக் கட்டித் தொங்கவிட்டால்?

17 வயதில் முதுமை வர வாய்ப்பில்லை. அவருக்கு நேர்ந்ததில் இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்க வேண்டும்: தசையைப் பயன்படுத்தாமல் விட்டது, போதிய சாப்பாடு இல்லாதது.

பயன்படுத்தாத தசை எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதை மனிதர்களிடம் சோதிப்பது கஷ்டம். அதனால்தான் எலி. விண்வெளியில் எடையில்லாமல் மிதக்கும் வீரர்களின் தசைக்கும் எலும்புக்கும் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள, 1970-களில் அமெரிக்காவின் நாசாவில் ஒரு முறையை உருவாக்கினார்கள். எலியின் பின்பகுதியைச் சற்றே தூக்கி, பின்னங்கால்கள் தரையில் படாதபடி வைப்பார்கள். முன்னங்கால்களால் அது கூண்டுக்குள் நகரலாம், சாப்பிடலாம். பின்னங்கால்களுக்கு மட்டும் எடை தாங்கும் வேலை இல்லை.

ஒன்றிரண்டு வாரத்திலேயே பின்னங்கால் தசை கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கிவிடுகிறது. அதிகமாகச் சுருங்குவது கெண்டைக்காலின் உள்ளே இருக்கும் சோலியஸ் என்ற தசை. நிற்கும்போது உடல் முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்வது இந்தத் தசைதான். மனிதர்களுக்கும் அதே தசை, அதே வேலை. எடையைத் தாங்கும் வேலை போனால், தசைப் புரதம் உருவாவது குறைந்து, உடைவது அதிகமாகிறது.

மலை திருப்பிக் கொடுத்தது

1899-ல் ரமணர் மலைமேல் உள்ள விரூபாட்ச குகைக்குப் போனார். அங்கே 17 ஆண்டுகள். 1916 முதல் 1922 வரை இன்னும் மேலே உள்ள கந்தாசிரமத்தில். இந்தக் காலத்தில் அவர் உட்கார்ந்தே இருக்கவில்லை. மலையின் மூலை முடுக்கெல்லாம் சுற்றினார். பக்தர்களோடு பலமுறை கிரிவலம் போனார். எழுந்து நிற்க முடியாமல் கதவைப் பிடித்த அதே கால்கள், தினமும் மலை ஏறி இறங்கின.

போன தசை திரும்பி வந்தது எப்படி? தசை இழைகளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தூங்குகிற மாதிரி சில செல்கள் உண்டு. சாட்டிலைட் செல்கள் என்று பெயர். 1961-ல் அலெக்சாண்டர் மௌரோ என்ற விஞ்ஞானி இவற்றைத் தவளையின் தசையில் கண்டுபிடித்தார். தசை சேதமானாலோ, அதற்குக் கடுமையான வேலை கொடுத்தாலோ இவை விழித்துக்கொண்டு, தசையைச் சரிசெய்ய ஆள் அனுப்புகின்றன. இளம் உடலில் இந்த ஏற்பாடு சுறுசுறுப்பாக வேலை செய்யும். வேலையும் சாப்பாடும் கிடைத்தால் இளம் தசை இழந்ததைப் பெரும்பாலும் மீட்டுக்கொள்ளும்.

கூடவே முதுமையடைந்த விலங்குகள்

மலையில் ரமணரைச் சுற்றி எப்போதும் விலங்குகள் இருந்தன. குரங்குக் கூட்டத்தின் தலைவனிடம் கடிபட்டு நொண்டிப்போன ஒரு குட்டிக்குரங்கை அவர் குகையில் வைத்துப் பார்த்துக்கொண்டார். நொண்டி என்றே பெயர். பின்னாளில் அதுவே கூட்டத்துக்கு ராஜா ஆனது. 1926-ல் கன்றாக ஆசிரமத்துக்கு வந்த பசு லட்சுமி, 22 ஆண்டுகள் அவரோடு வாழ்ந்து, கடைசியில் எழ முடியாமல் படுத்து, 1948 ஜூன் 18 அன்று இறந்தது. ரமணர் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தார். அதற்கு ஆசிரமத்திலேயே சமாதி எழுப்பப்பட்டது.

விலங்கும் மனிதனைப் போலவே மூப்படைகிறது, தசை இழக்கிறது. ஆய்வகங்கள் பயன்படுத்திக்கொள்வது இந்த ஒற்றுமையைத்தான். சுண்டெலி இரண்டு மூன்று வருடம்தான் வாழும். இரண்டு வயது சுண்டெலி ஏறக்குறைய 70 வயது மனிதருக்குச் சமம். ஒரு விஞ்ஞானி தன் பணிக்காலத்தில் பல தலைமுறை முதுமையைப் பார்த்துவிடலாம். ரீசஸ் குரங்கு இன்னும் நமக்கு நெருக்கம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1989-ல் தொடங்கிய நீண்ட ஆய்வில், ரீசஸ் குரங்குகளுக்கும் வயதாக ஆக, மனிதர்களைப் போலவே தசை குறைவது தெரிந்தது. சத்துக் குறையாமல் கலோரியை மட்டும் சுமார் 30 சதவீதம் குறைத்த குரங்குகளில் அந்த இழப்பு தாமதமானது.

உடனே முதியவர்கள் சாப்பாட்டைக் குறைக்கலாமா? கூடாது. அந்தக் குரங்குகளுக்கு வைட்டமின், தாது எல்லாம் கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். நம் வீட்டில் தாத்தா பாட்டி சாப்பாட்டைக் குறைத்தால் முதலில் குறைவது பெரும்பாலும் புரதம்தான்.

கைத்தடி வந்த காலம்

1922 மே 19 அன்று அம்மா அழகம்மாள் காலமானார். அவரது சமாதி இருந்த மலையடிவாரத்துக்கு அதே ஆண்டு டிசம்பரில் ரமணர் இறங்கி வந்தார். அதுதான் இன்றைய ரமணாசிரமம். விடியும் முன்னே எழுந்து சமையல்கட்டில் காய் நறுக்குவார், அரைப்பார். 1926-க்குப் பிறகு கிரிவலம் போவது நின்றது. ஆனாலும் மலைப்பக்கம் தினமும் நடப்பதை விடவில்லை.

வயதாக ஆக முட்டிகளில் வாத வலி. தைலம் தேய்த்துக்கொள்வார். கையில் தடி வந்தது. ஒருநாள் ஒரு நாய் அணிலைத் துரத்தியது. இரண்டுக்கும் நடுவில் தடியைப் போட்டு அணிலைக் காப்பாற்றப் பார்த்தார். கால் தடுமாறி விழுந்து தோள்பட்டைக்கு அருகில் உள்ள காறை எலும்பு முறிந்தது. அணில் தப்பித்தது.

அவருக்குத் தசை இழப்பு நோய் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. அப்போது அதை யாரும் அளக்கவில்லை, அதற்குப் பெயரே கிடையாது. 1989-ல்தான் ஐர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர் சார்கோபீனியா என்ற சொல்லை முன்வைத்தார். கிரேக்க மொழியில் சதை வறுமை என்று பொருள். ஆனால் தடுமாறினால் சமாளிக்கும் சக்தி குறைவது, விழுந்தால் எலும்பு முறிவது என்பதெல்லாம் இன்று எல்லா முதியவர் வீட்டிலும் நடக்கிற கதைதான்.

இளம் எலிக்கும் கிழ எலிக்கும் என்ன வித்தியாசம்?

முக்கியமான பாடம் இங்கேதான். எலியின் காலைக் கட்டுப்போட்டு அசையாமல் வைத்து, பிறகு அவிழ்த்துவிட்டுப் பார்த்தார்கள். இளம் எலியின் தசை பழைய நிலைக்கு வந்தது. கிழ எலியின் தசை சரியாகத் திரும்பவில்லை. சாட்டிலைட் செல்கள் முன்புபோல் விழிப்பதில்லை. 2005-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் விஞ்ஞானிகள் ஒரு கிழ எலியையும் ஓர் இளம் எலியையும் ரத்த ஓட்டம் பொதுவாகும்படி இணைத்தார்கள். கிழ எலியின் தசை மறுபடி நன்றாகச் சரிசெய்துகொண்டது. கோளாறு செல்லில் மட்டும் இல்லை, அதைச் சுற்றியுள்ள ரத்தச் சூழலிலும் இருக்கிறது என்று இதிலிருந்து தெரிந்தது.

மனிதர்களிடமும் இதன் அடையாளம் தெரிகிறது. சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமானவர்களை 10 நாள் படுக்கையில் வைத்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ கொழுப்பற்ற சதை போயிருந்தது. இளைஞனுக்குக் காய்ச்சலில் படுத்த பத்து நாள் ஒரு விஷயமே இல்லை. எழுபது வயதில் அதே பத்து நாள், நடப்பவரை நடக்காதவராக்கிவிடும்.

எலியில் பலிச்சது மனுஷனுக்குப் பலிக்குமா?

எப்போதும் இல்லை. தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் என்ற புரதம் 1997-ல் எலியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் மரபணுவை நீக்கினால் எலி பயில்வான் மாதிரி ஆனது. அதே வழியில் மனிதர்களுக்கு மருந்து செய்து பார்த்தார்கள். தசை கொஞ்சம் கூடியது. ஆனால் நடையும் பலமும் எதிர்பார்த்த அளவு கூடவில்லை. சார்கோபீனியாவுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. கூண்டு எலிக்கு முட்டி வாதம், சர்க்கரை நோய், தனிமை, பல் இல்லாததால் சாப்பிட முடியாத நிலை என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வருவதில்லை. மனிதர்களுக்கு வரும்.

கடைசி ஆண்டு

1948 இறுதியில் ரமணரின் இடது முழங்கைக்கு அருகில் ஒரு சிறு கட்டி வந்தது. 1949 பிப்ரவரியில் அகற்றினார்கள். திரும்ப வந்தது. சார்கோமா என்ற புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த ஒரே ஆண்டில் நான்கு அறுவை சிகிச்சைகள். கையை எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. உடல் மெலிந்துகொண்டே போனது. புற்றுநோயும் தசையைத் தின்னும், அது சாப்பாட்டால் மட்டும் சரியாகாத வேறொரு வகை இழப்பு. நடை தள்ளாடியது. ஆனால் பக்தர்களைப் பார்ப்பதைக் கடைசி நாள்வரை நிறுத்தவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு, 70 வயதில் காலமானார்.

நமக்கு என்ன பாடம்?

அசையாமல் இருந்தது, முதுமை, நோய் என்று தசையைக் குறைக்கும் மூன்று வழிகளையும் அந்த ஒரே உடல் கடந்தது. முதலாவதிலிருந்து 20 வயதில் முழுசாக மீண்டது. வயதானவர்களுக்கு அந்த மீட்சி தானாக வராது. ஆனால் வரவே வராது என்றும் இல்லை. 1990-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த சராசரி 90 வயதுக்காரர்கள் எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி செய்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது.

அதனால் வீட்டில் பெரியவர்கள் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ முடிந்து வந்தால், ரெஸ்ட் எடுங்க என்று படுக்கையிலேயே விட்டுவிடக் கூடாது. மருத்துவரைக் கேட்டு, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்க வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை இல்லாதவர்களுக்குப் பருப்பு, பால், முட்டை, மீன் என்று புரதம் கூட்ட வேண்டும். நாற்காலியில் கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார முடிகிறதா என்று பக்கத்தில் ஆள் இருக்கும்போது பார்க்கலாம். முடியவில்லை என்றால் அடுத்த பௌர்ணமிக்குக் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.