மேடை அச்சத்தை ஓட்டிய டேல் கார்னெகி

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு)

சென்ற ஆண்டு என் தந்தையார் பணிபுரியும் நூற்பாலையில் மேற்பார்வையாளர்களுக்கென இரண்டு நாள் பயிற்சி மாநாடு ஒன்று நடைபெற்றது. முதல் நாள் வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர் ஊக்கமூட்டும் சொற்பொழிவு ஆற்றினாராம். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்றாம். மறுநாள் பிற்பகல், வந்திருந்தோர் ஒவ்வொருவரும் தம் பகுதியின் வேலையைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும் என்றார்கள். ரிங் பிரேம் ஓடும் ஓசையைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்லிவிடக் கூடிய என் தந்தை எழுந்து நின்றார். வணக்கம் என்றார். அதன்பின் ஒரு சொல்லும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. அம்மாவிடம் அவர் சொன்னதை அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். (இதை எழுத அப்பாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.)

பேச்சுப் போட்டியில் பெயர் கொடுத்துவிட்டு அன்று காய்ச்சல் என்று படுத்துக்கொண்டவள் நான். ஆகவே அப்பாவின் துயரம் எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் நூலகச் சிஸ்டரிடம் இதைச் சொன்னபோது, அவர் அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்துத் தந்தார். அப்படித்தான் டேல் கார்னெகி எனக்கு அறிமுகமானார்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிசூரி மாநிலத்தில் மேரிவில் என்ற ஊரை ஒட்டிய பண்ணையொன்றில் 1888-ஆம் ஆண்டு நவம்பர் திங்கள் 24-ஆம் நாள் கார்னெகி பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஓர் ஏழை விவசாயி. தாய் அமாண்டா திருமணத்திற்கு முன் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ஆழ்ந்த இறைப்பற்று உடையவர். அவர்கள் நிலத்தருகே ஓடிய ஆற்றுக்கு ‘நூற்றிரண்டு’ என்று விந்தையான பெயர். அந்த ஆறு ஏழு ஆண்டுகளில் ஆறு ஆண்டுகள் கரையுடைத்து விளைச்சலை அழித்தது. பன்றிகளை வளர்த்தால் அவை கொள்ளை நோயில் மடிந்தன. கடன் ஏறிற்று, வங்கிக்காரர் நிலத்தை எடுத்துக்கொள்வதாக மிரட்டினார். அன்று வீடு திரும்பும் வழியில் தந்தை பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தி, ஆற்று நீரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். மனைவியின் விசுவாசமும் அவள் எந்த நிலையிலும் பாடிக்கொண்டே வேலை செய்ததுமே தம்மைக் காப்பாற்றின என்று அவர் பிற்காலத்தில் மகனிடம் கூறியிருக்கிறார்.

சிறுவன் டேல் ஒருநாள் பாழடைந்த மரவீடு ஒன்றின் மச்சிலிருந்து கீழே குதித்தான். விரலில் அணிந்திருந்த மோதிரம் ஓர் ஆணித்தலையில் மாட்டிக்கொள்ள, இடக்கைச் சுட்டுவிரல் போயிற்று. பிற்காலத்தில் அந்தக் கையில் நான்கு விரல்களே இருப்பது மாதக்கணக்கில் தம் நினைவுக்கே வருவதில்லை என்று அவர் எழுதினார். நேர்ந்துவிட்டதை மனம் எவ்வளவு எளிதில் ஏற்றுக்கொள்கிறது என்பதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு இது.

1904-ஆம் ஆண்டு குடும்பம் வாரன்ஸ்பர்க் நகருக்கு அருகே குடிபெயர்ந்தது. அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இருந்தது, கட்டணம் இல்லை. ஆனால் நகரில் தங்கிச் சாப்பிட நாளொன்றுக்கு ஒரு டாலர் வேண்டும். அதற்கு வழியில்லாமல் டேல் பண்ணையிலிருந்து நாள்தோறும் குதிரையேறிக் கல்லூரிக்குச் சென்றார். குளிர்காலத்தில் புதிதாய்ப் பிறந்த பன்றிக்குட்டிகளைக் கூடையில் வைத்து அடுப்பங்கரையில் காப்பாற்றுவார்கள். விடியற்காலை 3 மணிக்கு எழுந்து அவற்றைத் தாய்ப்பன்றியிடம் கொண்டுபோய்ப் பால் குடிக்கவிட்டு, மீண்டும் கொண்டுவந்து வைப்பது அவர் பொறுப்பு. இத்தனைக்கும் பிறகுதான் பாடம்! அவருடைய சட்டை இறுக்கம், கால்சட்டை குட்டை. கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றால் எல்லாரும் தம் உடையையே பார்ப்பதாக எண்ணிக் கூசுவாராம்.

அந்தக் கல்லூரியில் இரண்டு வகை மாணவர்களுக்குத்தான் மதிப்பு இருந்தது. ஒரு வகையினர் கால்பந்து வீரர்கள்; மற்றவர்கள் பேச்சுப் போட்டியில் வென்றவர்கள். விளையாட்டு தமக்கு வராது என்று கண்ட டேல் பேச்சைப் பிடித்துக்கொண்டார். குதிரைமேல் போகும்போது பேசிப் பார்த்தார். மாடு கறக்கும்போது பேசிப் பார்த்தார். எல்லாப் போட்டிகளிலும் தோற்றார். ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்று மனம் முறிந்திருந்த நேரத்தில் திடீரென்று வெல்லத் தொடங்கினார். பிறகு மற்ற மாணவர்கள் இவரிடம் பயிற்சிக்கு வந்தார்கள், அவர்களும் வென்றார்கள். காய்ச்சல் என்று படுத்துக்கொண்ட என்னைப் போன்றவர்கள் இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

1908-இல் கல்லூரியை விட்டவர் ஆசிரியராகவில்லை. அஞ்சல்வழிப் பாடங்களை விற்றுப் பார்த்தார், பயனில்லை. பின்னர் ஆர்மர் நிறுவனத்திற்காக உப்பிட்ட இறைச்சி, சோப்பு, பன்றிக் கொழுப்பு ஆகியவற்றை ஊர் ஊராக விற்றார். சரக்கு ரயிலிலும் குதிரையிலும் பயணம். ஒரு கடைக்காரர் வாங்கிய சரக்குக்குப் பணம் தர முடியவில்லை என்றால் சும்மா திரும்பமாட்டார். அந்தக் கடையிலேயே ஒரு டஜன் காலணிகளை எடுத்துப் போய், ரயில்வே தொழிலாளர்களிடம் விற்று, வந்த பணத்தை நிறுவனத்துக்கு அனுப்பிவிடுவார்! அவருடைய வட்டாரம் விற்பனையில் முதலிடத்துக்கு வந்தது. பதவி உயர்வு தேடி வந்தபோது வேலையை உதறிவிட்டு, சேமித்த பணத்தோடு நியூயார்க் சென்று நாடகக் கலைக்கழகத்தில் சேர்ந்தார். இது 1911-இல். ஒரு நாடகக் குழுவோடு ஊர் சுற்றிய பின் நடிப்பு தமக்கு உரியதன்று என்று கண்டுகொண்டார்.

பிறகு மோட்டார் லாரி விற்கும் வேலை. லாரி எதனால் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. ஐம்பத்தாறாம் தெருவில் ஒரு மலிவான அறை. காலையில் சுவரில் தொங்கும் கழுத்துப்பட்டையை எடுத்தால் கரப்பான் பூச்சிகள் நாலாபக்கமும் ஓடும். தலைவலியோடு திரும்பிய மாலைகளில், இதற்காகவா படித்தோம் என்று எண்ணினார். பகலில் எழுதுவது, இரவில் பெரியவர்களுக்குப் பேச்சுக்கலை கற்பிப்பது என்று முடிவு செய்தார். இரண்டு பல்கலைக்கழகங்களிடம் மாலை வகுப்புக் கேட்டார். இரண்டும் மறுத்துவிட்டன.

கடைசியாக நூற்றிருபத்தைந்தாம் தெருவில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. சங்கத்திற்குப் போனார். ஓரிரவுக்கு 2 டாலர் சம்பளம் கேட்டார். அந்த நிர்வாகிக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வரும் இலாபத்தில் பங்கு மட்டும் தருவதாகச் சொன்னார். 1912-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் இரவு முதல் வகுப்பு நடந்தது. வந்தவர்கள் மாணவர்கள் அல்லர். விற்பனையாளர்கள், அலுவலகப் பணியாளர்கள், சிறு வணிகர்கள். பட்டம் எதுவும் அவர்களுக்கு வேண்டாம். அலுவலகக் கூட்டத்தில் எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும். கடுமையான வாடிக்கையாளரின் வாசலில் நின்று தயங்காமல் உள்ளே போக வேண்டும். அவ்வளவே. கட்டணத்தைத் தவணையாகத் தந்தார்கள். பயனில்லை என்றால் மறுவாரம் வரமாட்டார்கள்.

கார்னெகி தமக்குத் தெரிந்த இலக்கணத்தையெல்லாம் சொல்லி முடித்தார். நேரமோ இன்னும் மீதி இருந்தது. என்ன செய்வது? வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களையே எழுப்பித் தங்களைப் பற்றிப் பேசச் சொன்னார். தங்களுக்குக் கோபமூட்டிய ஏதேனும் ஒன்றைச் சொல்லும்படி கேட்டபோது, அதுவரை நாக்குலர்ந்து நின்றவர்கள் தம்மை மறந்து பேசினார்கள். கோபம் வந்தவனுக்கு மேடை அச்சம் இருப்பதில்லை! தற்செயலாய்க் கிடைத்த இந்த உண்மைதான் அவருடைய பயிற்சி முழுவதற்கும் அடித்தளம் ஆயிற்று. அதன்பின் அவர் வகுப்பில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவரும் சிறிது நேரமாவது பேசியாக வேண்டும். தமக்குத் தெரிந்ததைப் பற்றியே பேச வேண்டும். பேசி முடித்தவரை ஆசிரியர் முதலில் பாராட்டுவார். 2 டாலர் தர மறுத்த சங்கம், சில ஆண்டுகளுக்குள் பங்குக் கணக்கில் ஓரிரவுக்கு 30 டாலர் தர வேண்டியதாயிற்று.

இங்கே நான் ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவின் மாநாட்டில் பேசியவர் நன்றாகத்தான் பேசியிருக்கிறார். ஆனால் அந்தக் கைதட்டலில் அப்பாவுக்கு என்ன கிடைத்தது? கார்னெகியும் பெரிய சொற்பொழிவாளரே. ஆயினும் தாம் பேசிக் கைதட்டல் வாங்குவதைவிட, எதிரே இருப்பவரைப் பேசவைப்பதையே அவர் தம் தொழிலாகக் கொண்டார். வெஸ்டிங்ஹவுஸ், நியூயார்க் தொலைபேசி நிறுவனம் போன்ற பெரிய தொழிலகங்கள் தம் பணியாளர்களுக்கு அவரைக் கொண்டு பயிற்சி நடத்தின.

1935-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஒரு குளிர் இரவு. நியூயார்க்கில் பென்சில்வேனியா ஓட்டலின் பெரிய மண்டபத்தில் 2,500 பேர் கூடினார்கள். செய்தித்தாளில் வந்த ஒரு முழுப்பக்க விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்கள். பொருளாதார மந்தத்தில் நகரமே தள்ளாடிக்கொண்டிருந்த காலம் அது. மேடையில் ஒலிபெருக்கியின் முன் வந்து நின்றவர்கள் கார்னெகியிடம் பயின்ற சாதாரண மக்கள். ஒவ்வொருவருக்கும் 75 நொடி. நேரம் முடிந்ததும் சுத்தியலால் மேசையில் ஒரு தட்டு! முதலில் பேசியவர் நான்கே ஆண்டுகள் பள்ளி சென்ற ஓர் அயர்லாந்துக்காரர். வண்டி ஓட்டிப் பிழைத்து, பின் லாரி விற்க வந்தவர். ஓர் அலுவலகக் கதவைத் திறப்பதற்கு முன் அதன் எதிரே ஐந்தாறு முறை நடந்து தைரியம் தேடிக்கொள்ள வேண்டியிருந்த மனிதர் அவர். அடுத்து வந்தவர் பதினொரு பிள்ளைகளின் தந்தையான ஒரு வங்கியாளர். முதல் முறை பேச எழுந்தபோது வாயடைத்து நின்றவர். இந்தப் பக்கத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மறுபடியும் படிக்கச் சொன்னார்.

இடையில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப்போரின்போது இராணுவ முகாமில் பணி. 1919-இல் லோவெல் தாமஸ் என்பவரின் படக்காட்சிச் சொற்பொழிவுகளுக்காக இலண்டன் பயணம். 1921-இல் ஒரு திருமணம், அது 1931-இல் முறிந்தது. பெரிய நாவலாசிரியராக வேண்டுமென்று இரண்டாண்டு உழைத்து எழுதிய நாவல் அச்சேறவே இல்லை. 1929-ஆம் ஆண்டுப் பங்குச் சந்தை வீழ்ச்சியில் சேமிப்பும் போயிற்று. தம் குடும்பப் பெயரின் எழுத்துக்களைக் கோடீசுவரர் ஆண்ட்ரூ கார்னெகியின் பெயர்போல் மாற்றி எழுதிக்கொண்டதும் இக்காலத்தில்தான். உறவு எதுவும் கிடையாது. இது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

1934-இல் அவரிடம் பயின்ற லியோன் ஷிம்கின் என்ற பதிப்பாளர் வற்புறுத்தியதால், வகுப்பில் சொன்னவற்றை நூலாக்கினார். 1936-இல் வெளிவந்த ‘ஹவ் டு வின் ஃப்ரெண்ட்ஸ் அண்ட் இன்ஃப்ளூயன்ஸ் பீப்பிள்’ அவரே எதிர்பாராத அளவுக்கு விற்றது. எல்லாரும் புகழ்ந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். காரியம் சாதிக்கப் புன்னகை புரியக் கற்றுக்கொடுக்கிறார் என்று ஏளனம் செய்த எழுத்தாளர்கள் இருந்தனர். மனத்திலிருந்து வராத பாராட்டு வெறும் முகத்துதி, அது பயன்தராது என்று நூலுக்குள்ளேயே அவர் எழுதியிருக்கிறார். இருந்தாலும் தலைப்பைப் பார்த்தால் எனக்கும் அந்தச் சந்தேகம் வரத்தான் செய்தது. அதைப் போக்கியது வேறொரு செய்தி. தாம் செய்த முட்டாள்தனங்களையெல்லாம் எழுதி ஒரு தனிக் கோப்பில் போட்டு வைத்து, அவ்வப்போது எடுத்துப் படித்துப் பார்ப்பாராம். இரவில் நாம் செய்யும் ஆன்ம சோதனை போலத்தான்! பிறரை ஏமாற்ற நினைப்பவர் இப்படி ஒரு கோப்பு வைத்துக்கொள்வாரா?

1944-இல் டோரதியை மணந்தார். கவலையை வெல்லும் வழிகள் பற்றிய அவர் நூல் 1948-இல் வந்தது. 1951-இல் டோனா என்ற மகள் பிறந்தாள். ஏறக்குறைய அதே சமயத்தில் நெப்ராஸ்காவில் வாரன் பஃபெட் என்ற இளைஞர், கூட்டத்தில் பேச நடுங்கியவர், 100 டாலர் கட்டி கார்னெகி பயிற்சியில் சேர்ந்தார். உலகப் பெருஞ்செல்வர்களுள் ஒருவரான பிறகு அவர் தம் அலுவலகச் சுவரில் மாட்டிவைத்தது பல்கலைக்கழகப் பட்டத்தை அன்று, அந்தப் பயிற்சியின் சான்றிதழைத்தான்.

1955-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நியூயார்க்கில் தம் இல்லத்தில் கார்னெகி காலமானார். மிசூரியில் பெல்டன் என்ற ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். அதற்குள் அவருடைய நூல் 31 மொழிகளில் 50 இலட்சம் பிரதிகள் விற்றிருந்தது. 4,50,000 பேர் அவர் நிறுவனத்தில் பயிற்சி முடித்திருந்தார்கள்.

இந்த ஆண்டு ஆலையில் மறுபடியும் பயிற்சி மாநாடு உண்டு என்று அறிவிப்பு வந்திருக்கிறது. சனிக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பின் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வகுப்பு நடக்கிறது. ஆசிரியை நான். முதல் வாரம் அப்பா வணக்கத்தோடு நின்றுவிட்டார். சென்ற வாரம், கோபமூட்டிய ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசும்படி கேட்டேன். சற்று யோசித்தார். எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பஞ்சை எடுக்கக் கையை விடும் புதுப் பையன்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. அப்படித்தான் ஒரு பையனுக்கு இரண்டு விரல் போயிற்று. அன்று மாநாட்டில் சொல்ல நினைத்ததும் இதைத்தான். அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள். கடிகாரம் பார்க்கும் வேலை தம்பியுடையது. மூன்று நிமிடம் ஆகிவிட்டது என்று அவன் தட்டை எடுத்துத் தட்டினான். அப்பாவின் காதில் அது விழவில்லை.